பனிக்காலத்து கரண்ட் பில்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்திலிருந்து தென்மேற்கே காரில் முக்கால் மணி நேரம் போனால் ஓபர்லின் வரும். பத்தாயிரம் பேர்கூட இல்லாத கல்லூரி ஊர். நவம்பர் பிறந்துவிட்டால் இங்கே சூரியன் முகம் காட்டுவது அபூர்வம். வடக்கே ஈரி ஏரி கிடக்கிறது. அதன் மேல் ஊர்ந்து வரும் ஈரக்காற்று மேகமாகத் திரண்டு நாள் கணக்கில் ஊரை மூடிவிடும். ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. பகல் பொழுதே ஒன்பதரை மணி நேரம்தான், அதிலும் பெரும்பகுதி சாம்பல் வெளிச்சம்.

சூரியனை நம்பி வாழப்போகும் ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பொருந்தாத ஊரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தெரிந்தேதான் அங்கே கட்டினார்கள்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த ஆடம் ஜோசப் லூயிஸ் சுற்றுச்சூழல் கல்வி மையம், அளவில் சின்னது. தரைத்தளம், மேல்தளம் இரண்டும் சேர்த்து 13,600 சதுர அடி. சில வகுப்பறைகள், ஒரு நூலக அறை, பேராசிரியர் அறைகள், ஒரு சிறு அரங்கம், நடுவில் இரண்டு தள உயரத்துக்குக் கண்ணாடி முற்றம், ஓரத்தில் ஒரு பசுமைக்குடில். அவ்வளவுதான். ஆனால் குளிர்நாட்டுப் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு இங்கே வந்து நின்றுவிடும். 2010இல் அமெரிக்காவின் ‘ஆர்க்கிடெக்ட்’ இதழ் துறை வல்லுநர்களிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், முந்தைய முப்பது ஆண்டுகளின் மிக முக்கியமான பசுமைக் கட்டடம் என்ற இடம் இதற்குத்தான் கிடைத்தது.

இதே கட்டடம் தன் தொடக்க ஆண்டுகளில், கூரை தந்த மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கைச் செலவழித்தது. அந்தக் கணக்கை வெளியே கொண்டு வந்தவர் வெளியாள் இல்லை. அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் குளிர் தேசத்தில் ஒரு கட்டடத்தை ‘நீடித்து நிற்கும் வடிவமைப்பு’ என்று சொல்வதற்கு என்ன தகுதி வேண்டும் என்பது விளங்கும்.

சுவர் நடத்தும் பாடம்

எல்லாவற்றுக்கும் தொடக்கம் டேவிட் ஆர், அப்போது ஓபர்லினில் சுற்றுச்சூழல் கல்விப் பேராசிரியராக இருந்தவர். கட்டடமும் ஓர் ஆசிரியர்தான் என்பது அவருடைய வாதம். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கலாம். ஆனால் அந்த வகுப்பறை எதை எரித்துச் சூடாகிறது, அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது என்றால், மாணவர் கற்றுக்கொண்டு போவது வேறொரு பாடம்: இதெல்லாம் நம் கையில் இல்லை. அந்த நாட்களில் ஓபர்லின் கல்லூரியின் கட்டடங்களைச் சூடேற்றியது நிலக்கரி எரித்துக் கிடைத்த நீராவி. நிலக்கரிச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு நிலக்கரியின் தீமையைப் படிப்பது ஆருக்கு உறுத்தியது.

கல்லூரி நிர்வாகம் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு. பணத்தை ஆர்தான் திரட்ட வேண்டும். கல்லூரியின் வழக்கமான கொடையாளர்களிடம் கை நீட்டக் கூடாது. 1995, 96ஆம் ஆண்டுகளில் மாணவர்கள், ஊர் மக்கள், பொறியாளர்கள் என்று சுமார் 250 பேர் பல சுற்றுகள் உட்கார்ந்து கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். வெயிலில் கிடைப்பதைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்கக் கூடாது, உள்ளே வந்த தண்ணீர் வந்ததைப் போலவே சுத்தமாக வெளியேற வேண்டும், நச்சுப்பொருள் கூடாது, காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் கட்டடமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். வடிவமைக்க வந்தவர் வர்ஜீனியாவின் வில்லியம் மெக்டோனா. மரத்தைப் போல ஒரு கட்டடம், அதாவது இருக்கும் இடத்துக்குத் தன்னால் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கும் கட்டடம் என்ற கனவை மேடைதோறும் பேசிவந்த கட்டடக்கலைஞர். உயிரினங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறைக்குப் பேர்போன ஜான் டாட், ஆற்றல் சிக்கனத்தில் பெயர்பெற்ற ஏமரி லவின்ஸ் ஆகியோரும் குழுவில் இருந்தார்கள்.

உருவான கட்டடத்தில் கிழக்கு மேற்காக நீளவாக்கு, தெற்கே பெரிய கண்ணாடி. குளிர்காலத்தில் தெற்கு வானில் தாழ்ந்து போகும் சூரியனின் கதிர் முற்றத்துக்குள் ஆழமாக விழுந்து, கான்கிரீட் தரையையும் கல் சுவரையும் சூடாக்கும். வெயில் சாய்ந்த பிறகு அந்தச் சூடு மெல்ல வெளியே வரும். வளைந்த கூரை முழுக்க 690 சோலார் பேனல்கள், கிட்டத்தட்ட 60 கிலோவாட். வெளியே புல்தரைக்கு அடியில் 24 கிணறுகள், ஒவ்வொன்றும் 240 அடி ஆழம். தண்ணீர் இறைக்க வெட்டியவை அல்ல; மண்ணிலிருந்து வெப்பத்தை இறைக்க வெட்டியவை.

சின்னச் சின்னப் பொருள்களிலும் அந்தக் கவனம் தெரியும். தரை விரிப்பைக் கல்லூரி விலைக்கு வாங்கவில்லை. சதுரம் சதுரமாகப் பிரித்தெடுக்கும்படி போடப்பட்டது. தேய்ந்த துண்டைத் தயாரித்த நிறுவனமே திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரங்க நாற்காலிகளின் துணி மண்ணில் மக்கக்கூடியது. பசுமைக்குடிலில் வரிசையாகத் தொட்டிகள், தொட்டிகளில் வெப்பமண்டலச் செடிகள். கழிப்பறையிலிருந்து வரும் தண்ணீர் அந்த வேர்களினூடே, பாக்டீரியாக்களினூடே தொட்டி தொட்டியாக நகர்ந்து தெளிந்து மறுபடியும் கழிப்பறைக்கே போகும். வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, உள்ளே அகன்ற பச்சை இலைகளுக்கு நடுவே கழிவுநீர் தெளிவதை மாணவர்கள் நின்று பார்க்கலாம். வேறெந்தக் கல்லூரியிலும் மண்ணுக்கடியில் மறைத்துவைக்கும் காரியம் அது.

கணக்கு பார்த்த இயற்பியலாளர்

பாராட்டுகள் குவிந்தன. தேவைக்கு மேல் மின்சாரம் செய்து ஊருக்குத் தரும் கட்டடம் என்று பேச்சு பரவியது. ஓபர்லின் இயற்பியல் துறையின் ஜான் ஸ்கோஃபீல்ட் மீட்டரைப் பார்த்தார்.

மாதாமாதம் எடுத்த அளவீடுகள் அந்தப் பேச்சோடு ஒத்துப்போகவில்லை. குளிர்காலம் வந்ததும் மின்செலவு விறுவிறுவென்று ஏறியது. அந்த மாதங்களில் கூரையில் விளையும் மின்சாரமோ மிகச் சொற்பம். முழு ஆண்டுக் கணக்கிலும் கூரை தந்ததைவிடக் கட்டடம் தின்றது எவ்வளவோ அதிகம். தன் ஆய்வை 2002இல் துறைசார் பொறியாளர் சங்கத்தின் வெளியீட்டில் பதிப்பித்தார் ஸ்கோஃபீல்ட். ஒரே கல்லூரியில், உலகமே புகழும் சக பேராசிரியரின் கட்டடத்தைப் பற்றி இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். மனக்கசப்பு வரத்தான் செய்தது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த எந்தப் பாராட்டைவிடவும் பயன் தந்தது ஸ்கோஃபீல்டின் அந்தக் கணக்குதான்.

தவறு எங்கே நடந்தது?

பெரிய குற்றவாளி ஒரு மின்சார பாய்லர். கண்ணாடி முற்றத்தைச் சூடாக்கவும், வெளியிலிருந்து வரும் காற்றுக்குச் சூடேற்றவும் அது வைக்கப்பட்டிருந்தது. திறன் 100 கிலோவாட்டுக்கும் மேல். கூரையில் பரப்பிய அத்தனை பேனல்களும் நல்ல வெயிலில் சேர்ந்து உழைத்தால்கூட அந்த ஒற்றை பாய்லருக்குக் காணாது. சூரியனை நம்பிய கட்டடத்துக்குள் அப்படியொரு கருவி எப்படி நுழைந்தது என்றால், வரைபடத்திலிருந்து கட்டுமானத்துக்குப் போகும் வழியில், பல கைகள் மாறும் இடத்தில்தான் இப்படிப்பட்டவை நுழைகின்றன. வாங்கும்போது பாய்லர் மலிவு. ஓட்டும்போதுதான் அதன் விலை தெரியும்.

இந்த இடத்தில் ஹீட் பம்ப் என்ற கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக் கட்டடங்களின் தலையெழுத்து இன்று அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தை மண்ணுக்குள்ளும் பின்பக்கத்தை வகுப்பறைக்குள்ளும் வைத்தால் ஹீட் பம்ப். மேலே பனி கொட்டினாலும் 200 அடிக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓபர்லின் பக்கம் பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ். குழாய்களில் சுற்றிவரும் திரவம் அந்த வெப்பத்தை வாங்கி மேலே கொண்டுவர, கம்ப்ரஸர் அதை அறைக்குத் தேவையான சூட்டுக்கு உயர்த்துகிறது. மின்சார பாய்லருக்கு ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். மண்ணில் வேர் விட்ட ஹீட் பம்ப்புக்கு அதே ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று, மூன்றரை யூனிட் வெப்பம் வரும். புல்தரைக்கு அடியில் 24 கிணறுகளை வைத்துக்கொண்டு லூயிஸ் மையம் பாய்லரில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அமைப்பிலும் கோளாறு இருந்தது. ஆளில்லாத நேரத்திலும் கருவிகள் ஓடின. செடிகள் பட்டுப்போகாமலிருக்கப் பசுமைக்குடிலைப் பனிக்காலம் முழுதும் கதகதப்பாக வைத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டிகளின் மோட்டார்களுக்கும் மின்சாரம் போனது. கழிவுநீரைச் சுத்தமாக்கும் நல்ல காரியமும் குளிர்நாட்டில் ஆற்றல் கணக்கில் பற்று எழுதிக்கொண்டுதான் நடக்கிறது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டடத்தை மற்றவற்றிலிருந்து தனித்துக் காட்டுகிறது. குறை சொன்னவரை ஒதுக்கிவிட்டு விருதுகளைச் சுவரில் மாட்டிக்கொண்டு ஓய்ந்துவிடவில்லை. கட்டடம் முழுக்க உணரிகளைப் பொருத்தியிருந்தார்கள். எந்தக் கருவி எப்போது எவ்வளவு இழுக்கிறது என்ற கணக்கு சேர்ந்துகொண்டே இருந்தது. கொலராடோவிலுள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் அந்த அளவீடுகளை அலசினார்கள். பாய்லரின் வேலை படிப்படியாகக் குறைக்கப்பட்டு ஹீட் பம்ப்களின் கைக்கு மாறியது. ஓட்டும் நேரங்கள் திருத்தப்பட்டன. ஆய்வகத்தின் அறிக்கை 2004இல் வந்தபோது, விதிமுறைப்படி கட்டிய சாதாரணக் கட்டடத்தைவிட இது ஏறத்தாழ பாதி ஆற்றலில் ஓடுவதாகக் கண்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 1.2 லட்சம் யூனிட் மின்செலவு. கூரை தந்தது அதில் ஏறக்குறைய பாதி.

மீதிப் பாதிக்கு 2006இல் வழி பிறந்தது. கார் நிறுத்துமிடத்தின் மேலே பந்தல் போட்டு இன்னொரு 100 கிலோவாட் பேனல்கள். அதன் பிறகுதான் கட்டடம் ஓராண்டில் தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தைத் தரத் தொடங்கியது. தொடக்கத்தில் சொல்லப்பட்டது நிஜமாவதற்கு ஆறு ஆண்டுகளும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன. அதே ஆண்டு டேவிட் ஆர் இந்தக் கட்டடம் உருவான வரலாற்றை ‘டிசைன் ஆன் தி எட்ஜ்’ என்ற புத்தகமாக எழுதினார்.

எண் தெரிந்தால் விளக்கு அணையும்

முற்றத்தில் வைத்த ஒரு திரையில், கட்டடம் அந்த நிமிடத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, கூரை எவ்வளவு தருகிறது என்ற கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இதைக் கவனித்த பேராசிரியர் ஜான் பீட்டர்சனும் மாணவர்களும் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: இதையே விடுதிகளில் வைத்தால்?

2005இல் கல்லூரியின் விடுதிகளுக்கு இடையே இரண்டு வாரப் போட்டி வைத்தார்கள். மின்செலவு சராசரியாக 32 சதவீதம் இறங்கியது. உடனுக்குடன் எண் தெரிந்த இரண்டு விடுதிகளில் 55 சதவீதம். அதே போட்டியில் தண்ணீர்ச் செலவு குறைந்தது 3 சதவீதம்தான் என்பதையும் சேர்த்தே வெளியிட்டார்கள். பிற்பாடு விடுதி முகப்புகளில் கண்ணாடி உருண்டைகள் வந்தன. வழக்கத்தைவிடச் செலவு குறைந்தால் பச்சையாகவும் கூடினால் சிவப்பாகவும் ஒளிரும். ஓபர்லின் பட்டதாரிகள் சேர்ந்து இந்தத் திரைகளைச் செய்யும் நிறுவனத்தையே தொடங்கி மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

கண்ணாடி ஓரத்து நாற்காலி

குளிரில் ஒரு வகுப்பறைக்கு வரும் தொல்லை எப்படிப்பட்டது என்பதை ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே 20 டிகிரி. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி என்றால் அதன் உள்முகமே உறைநிலைக்குக் கீழே போய்விடும். அறைக்காற்றின் ஈரம் அதன்மேல் வழிந்து உறையும். பக்கத்தில் இருப்பவரின் உடல் சூடு அந்தக் குளிர்ந்த பரப்பை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் 20 காட்டினாலும் அவருக்கு நடுக்கம் எடுக்கும். எழுந்துபோய் சூட்டை 23க்கு ஏற்றுவார். ஆர்கான் வாயு நிரப்பி, மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த மூன்றடுக்குக் கண்ணாடியாக இருந்தால், அதே நேரத்தில் உள்முகத்தின் வெப்பநிலை 16 டிகிரியைத் தாண்டியிருக்கும். யாரும் எழுந்துபோக மாட்டார்கள்.

சுவரில் வேறு விதமான ஆபத்து. ஒரு எஃகு உத்தரமோ கான்கிரீட் பலகையோ உள்ளிருந்து வெப்பக் காப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டால், அதன் வழியே சூடு ஓயாமல் ஓடும். சிறு இடுக்கு இருந்தால் போதும், அறையின் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து குளிர்ந்த இடத்தில் தண்ணீராகிவிடும். காப்பு நனையும், மரம் உளுக்கும், பூஞ்சை பிடிக்கும். வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் குளிர்நாட்டில் நல்ல பொறியாளர்கள் கட்டடத்தின் கதவில் விசிறியைப் பொருத்தி, காற்றை அழுத்தி, எங்கே கசிகிறது என்று சோதித்த பிறகே உள்பூச்சுக்கு விடுகிறார்கள்.

இறுக்கி அடைத்தால் காற்றுக்கு எங்கே போவது? நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் அரை மணி நேரத்தில் தூக்கம் சொக்கும். வெளிக்காற்று வேண்டும், வருவதோ மைனஸ் 15இல். வெளியேறும் வெதுவெதுப்பான காற்றையும் உள்ளே வரும் குளிர்காற்றையும் கலக்காமல் அருகருகே ஓடவிட்டு, போகிறதன் சூட்டில் முக்கால் பங்கு வரை வருவதற்கு மாற்றிவிடும் கருவிகள் இருக்கின்றன. அதோடு அந்த நாற்பது பேரும் ஆளுக்கு 100 வாட் வெப்பம் தருகிறார்கள். நன்றாகக் காப்பிட்ட வகுப்பறையில் பாடம் நடக்கும் நேரத்தில் ஹீட்டருக்குப் பெரிய வேலையே இருக்காது.

கல்வி நிலையங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மண்ணிலிருந்து குளிர்காலம் முழுதும் வெப்பத்தை எடுத்தால் கோடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்டுக்கு ஆண்டு கிணற்றைச் சுற்றிய மண் குளிர்ந்து ஹீட் பம்ப் திணறும். அலுவலகத்தில் கோடைக்கால ஏசி அந்த வெப்பத்தைத் தானே மண்ணுக்குள் தள்ளிவிடும். பல்கலைக்கழகங்களிலோ கோடையில் வகுப்பறைகள் காலி. எத்தனை கிணறு, எவ்வளவு இடைவெளி என்ற கணக்கு இங்கே கல்விக் காலண்டரைப் பார்த்துத்தான் போடப்பட வேண்டும்.

யேல் முதல் பாஸ்டன் வரை

கனெக்டிகட் மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல், சுற்றுச்சூழல் கல்விக்கென்று 2009இல் திறந்த குரூன் ஹால், லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. ஒல்லியாக நீண்ட கட்டடம். வடக்குப் பக்கம் கீழ்த்தளம் மேட்டுக்குள் புதைந்திருக்கும். உள்ளே சுவரெல்லாம் செவ்வோக் மரப் பலகை, அதில் பெரும்பகுதி யேலின் சொந்தக் காட்டில் வெட்டியது. இங்கே ரசிக்க வேண்டியது ஒரு சின்ன விளக்கை. வெளியே காற்று இதமாக இருந்தால் அந்த விளக்கு எரிந்து, ஜன்னலைத் திறக்கலாம் என்று சொல்லும். திறப்பது மனிதரின் கை. எல்லாவற்றையும் கணினிக்கு விட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கட்டடத்தை மறந்துபோவார்கள் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் ஊரின் ஹாம்ப்ஷயர் கல்லூரி 2016இல் திறந்த கெர்ன் மையம் இன்னும் கடுமையான விரதம் பூண்டது. மழைநீரையே சுத்திகரித்துக் குடிநீராக்குவது, மனிதக் கழிவை உரமாக்குவது, எரிபொருள் எதையும் எரிக்காமல் கூரை மின்சாரத்திலேயே ஆண்டை ஓட்டுவது. ‘லிவிங் பில்டிங் சேலஞ்ச்’ என்ற சான்றிதழுக்குப் போனதால் வந்த விரதம் இது. கட்டி முடித்ததும் அந்தச் சான்றிதழ் கிடைத்துவிடாது. ஆட்கள் புழங்கத் தொடங்கி தொடர்ந்து 12 மாதங்கள் கட்டடம் ஓடிக் காட்ட வேண்டும்; அந்த மீட்டர் கணக்கைப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. கெர்ன் மையம் ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்து, 2018இல் அதைப் பெற்றது. ஓபர்லினில் ஒரு பேராசிரியர் தனியாளாகச் செய்ய வேண்டியிருந்த காரியம் இங்கே விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

சின்னக் கட்டடத்தில் எல்லாம் செய்யலாம், பெரிதானால் முடியாது என்பவர்களுக்குப் பாஸ்டன் பல்கலைக்கழகம் பதில் வைத்திருக்கிறது. சார்ல்ஸ் ஆற்றுக்கு அருகே புத்தக அடுக்கைக் கோணல்மாணலாக அடுக்கியதுபோல் நிற்கும் 19 மாடிக் கணினி, தரவு அறிவியல் மையம், 2022 டிசம்பரில் திறந்தது. டொரண்டோவின் கேபிஎம்பி நிறுவனத்தின் வடிவமைப்பு. கேஸ் இணைப்பே கிடையாது. நகர நடுவில் கிணறுகளைப் பரப்ப இடமில்லாததால் ஆழத்துக்குப் போனார்கள்: 31 துளைகள், ஒவ்வொன்றும் 1,500 அடி. மூன்றடுக்குக் கண்ணாடி, வெளியே வெயிலை வெட்டும் தகடுகள்.

கட்டிய பொருளே கக்கிய கரியமில வாயுவின் கணக்கு தனி. ஓடும் செலவு குறையக் குறைய சிமெண்டும் எஃகும் செய்தபோது வெளிவந்தது பெரிதாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது. ஆம்ஹர்ஸ்டிலேயே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2017இல் திறந்த ஆல்வர் வடிவமைப்புக் கட்டடத்தில் தூணும் உத்தரமும் ஒட்டு மரத்தால் ஆனவை. தளங்களில் மரத்தோடு மெல்லிய கான்கிரீட் படலம் சேர்ந்து பாரம் தாங்குகிறது. கட்டடக்கலை மாணவர்கள் அந்த மர உத்தரங்களுக்குக் கீழேதான் படிக்கிறார்கள்.

பலகையும் மீட்டரும்

ஸ்கோஃபீல்ட் ஓபர்லினோடு நிற்கவில்லை. அமெரிக்கக் கட்டடங்களின் வாசலில் பளபளக்கும், பசுமைக் கட்டடம் என்பதற்கான ‘லீட்’ சான்றிதழ்ப் பலகைகளுக்குப் பின்னால் மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார். பெரிய கட்டடங்கள் தங்கள் ஆற்றல் செலவை வெளியிட வேண்டும் என்று நியூயார்க் நகரம் சட்டம் கொண்டுவந்த பிறகு கிடைத்த தரவுகளை வைத்து 2013இல் அவர் வெளியிட்ட ஆய்வு சங்கடமானது. சான்றிதழ் பெற்ற அலுவலகக் கட்டடங்கள் மொத்தத்தில் மற்றவற்றைவிட எதையும் மிச்சப்படுத்தவில்லை. தங்கத் தர வரிசையில் இருந்தவை மட்டும் சுமார் 20 சதவீதம் குறைவாகச் செலவழித்தன. அதற்குக் கீழே இருந்தவை சராசரியைவிடவும் மோசம். வரைபடத்தையும் கணினிக் கணிப்பையும் பார்த்து மதிப்பெண் போடும் முறைக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. வணிக நிறுவனம் தன் மின்கட்டணத்தை மறைத்தால் அதன் இயல்பு என்று விட்டுவிடலாம். அளப்பதையும் சரிபார்ப்பதையும் தொழிலாகக் கொண்ட இடம் தன் கட்டடத்தின் அளவீட்டைப் பூட்டி வைப்பது அப்படியல்ல. திறப்பு விழா அழைப்பிதழில் அச்சிடும் சேமிப்புச் சதவீதத்தை, மூன்று குளிர்காலம் கழித்தும் அதே நிறுவனம் தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.

ஓபர்லின் அடுத்துக் கையில் எடுத்தது சின்னக் கட்டடம் அல்ல, மொத்த வளாகம். 2006இல் கரிம நடுநிலைக்கு உறுதி எழுதிக் கொடுத்தது கல்லூரி. இலக்கு ஆண்டாக வைத்தது 2025. நிலக்கரியைக் கைவிட்டாகிவிட்டது. நூறாண்டு பழைய நீராவிக் குழாய்களுக்குப் பதிலாக மிதமான வெந்நீர்க் குழாய்களைப் புதைக்கும் வேலை 2021இல் தொடங்கியது. வெந்நீருக்கு வெப்பம் தரச் சுமார் 850 கிணறுகள், ஒவ்வொன்றும் 600 அடி. லூயிஸ் மையத்தின் புல்தரையில் 24 கிணறுகளில் பழகிய கை அது. ஆனால் பழைய வகுப்பறைகளின் ரேடியேட்டர்கள் கொதிக்கும் நீராவிக்காகவே செய்யப்பட்டவை. மிதமான வெந்நீரை அனுப்பினால் அதே சூடு வராது. ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் குழாயை மாற்ற வேண்டியிருந்தது, ஜன்னலைப் பார்க்க வேண்டியிருந்தது, சுவரின் கசிவை அடைக்க வேண்டியிருந்தது. ஆளில்லாத கோடை விடுமுறைகளில், ஆண்டுக்குச் சில கட்டடங்கள் என்ற கணக்கில்தான் அந்த வேலையைச் செய்ய முடிந்தது.